ஜெபக் குறிப்பில் பறந்த விமானம்

ராஜபாளையம்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் செலினாவுக்கு அம்மா வேதமணி எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அப்பாவும் உடம்புக்குச் சுகம், அவர் வாய்க்குத்தான் சுகமில்லை. அந்த ஊர்க் குளிரில் உன் சளி விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்ற நினைப்பாகவே இருக்கிறது. போனில் பேசக்கூடாது என்று நீ சொன்னதால் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் தேதியிலிருந்து போன் எடுக்க மாட்டேன் என்று என்னிடம் மட்டும்தான் சொன்னாய், நான் அதை அப்பாவிடம் சொன்னேன், ஆகவே நானும் யோக்கியமில்லை. அவர் என்ன செய்தார் என்று முழுசாகக் கேள். கோவிலில் ஜெபக் குறிப்புப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டார். மகள் இன்ன தேதி முதல் இன்ன ஊரிலிருந்து, முதுகில் பெரிய வட்டத்தட்டைச் சுமக்கிற ராடார் விமானத்தில், எதிரி வருவதை முந்திப் பார்த்துச் சொல்லப் பறக்கிறாள், பாதுகாப்புக்காக ஜெபிக்கவும் என்று வாத்தியார் கையெழுத்தில் அழகாக எழுதியிருக்கிறார். போதகர் அதை மைக்கில் ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். சாயங்காலம் சபை வாட்ஸ்அப்பில் வந்தது, வத்திராயிருப்பு போய், சோழபுரம் போய், துபாய் வரைக்கும் போய்விட்டது, போகிற இடமெல்லாம் ஆளுக்கொரு கும்பிடு போட்டிருக்கிறார்கள். இம்புட்டு விவரம் எதுக்கு என்று கேட்டால், எந்த பிளேன்னு தெரியாம எப்படிட்டி ஜெபம் பண்ணுவாக என்கிறார். கர்த்தருக்கு விலாசம் எழுதிக் கொடுத்தால்தான் உன்னைக் கண்டுபிடிப்பாராக்கும். நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் பறக்கிறதைப் பார்க்கிற உங்கள் விமானத்துக்கு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற இந்த மனுஷனைத் தெரியாமல் போயிற்றே.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். உன்னோடு வேலை பார்க்கிற சுமையா லீவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தவள், நேற்று வீட்டுக்கு வந்து மிச்சத்தைச் சொன்னாள். செய்தி வெளியே போனதற்கு உங்கள் படையில் வைத்த விசாரணையில் அந்தச் சீட்டை நீயே எழுதி அனுப்பியதாகவும் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொல்லியிருக்கிறாயாம், அது நிலைத்தால் இனி உன்னை அந்த விமானத்தில் ஏற்றவே மாட்டார்களாம். பெரிய தியாகி ஆகிவிட்டாய். வயசான காலத்தில் அப்பா போலீஸ் முன்னால் நிற்கக்கூடாது என்று நினைத்திருப்பாய், எனக்குப் புரிகிறது, நேற்றெல்லாம் அழுதேன். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. வானத்தில் என்ன இருக்கிறதோ அதை உள்ளபடி சொல்லத்தானே உன்னை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். இல்லாததை இருக்கிறது என்று ஒருதரம் சொல்லிவிட்டால், அப்புறம் உன் பேச்சை நம்பி எந்தப் பிள்ளை பறக்கும்?

சுமையா போனதும் அப்பா பேனாவும் தாளுமாக உட்கார்ந்துவிட்டார். தன் கையெழுத்துத் தெரிய நடந்ததையெல்லாம் எழுதி, பொறவு போதகரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். புதன்கிழமை இங்கிருந்து ரயில் ஏறுகிறார், வேண்டாம் என்று தடுக்காதே. பெட்டியில் பக்கத்து சீட்டுக்காரரிடம் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன், அதற்குத்தான் தனியாக ஜெபம் பண்ணுகிறேன்.

அவர் வந்து சேருமுன் நீயே போய் உண்மையைச் சொல்லிவிடு. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மறக்காமல் கஷாயப்பொடியைப் போட்டுக் குடி. கேட்டில் காவலாளி உன்னைக் கூப்பிட்டு, அப்பாவைக் காட்டி இந்த ஆள் யார் என்று கேட்டால், தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா,
வேதமணி