அப்பாவுக்குக் கதிரை இல்லாத கூட்டம்

தேற்றாத்தீவு,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் கஜானிக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் சின்னவனும் அந்தப் பனிக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் என் நினைப்பு. இங்கே எங்களுக்கும் உடம்பு சுகம், அதற்கு மேல் ஒன்றும் கேட்காதே என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அப்பா ஏன் பேசாமல் போனை என்னிடம் நீட்டுகிறார் என்று நீ விடாமல் கேட்கிறாய். அவர் பக்கத்தில் இருக்கும்போது நான் எதைச் சொல்வது, அதனால்தான் இத்தனை காலத்துக்குப் பிறகு பேனையை எடுத்தேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. மழை இந்த முறை பிந்திவிட்டது, பெரியம்மாவின் மகன் ரதீஸ் வட்டையில், வயலில் விதைத்ததில் பாதி முளைக்கவில்லை, மறுபடி விதைக்க நெல்லுக்கு அலைகிறான். வாவிப் பக்கத்து வேலியை மாடு முறித்துவிட்டது, கட்டுவோம் கட்டுவோம் என்று அப்படியே கிடக்கிறது. முந்தி என்றால் அப்பா அன்றைக்கே கட்டியிருப்பார்.

உனக்குத் தெரியும், அப்பாவுக்குச் சாமி இல்லை, எனக்கு உண்டு. அதை வைத்து இந்த வீட்டில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. வெள்ளிக்கிழமை விளக்குக்கு எண்ணெய் வாங்கி வருவது அவர், ஏற்றுவது நான். ஏற்றும்போது பேப்பரை மடித்துக்கொண்டு வெளியே போய் நிற்பார், அது பயமா மரியாதையா என்று நான் பகிடி பண்ணுவேன், எண்ணெய் மணம் ஒத்துவராது என்பார். எங்களுக்கு நடுவில் யாரும் சுற்றறிக்கை அனுப்பியதில்லை, இப்போது அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் எந்த ரியூசனும் வைக்கக்கூடாது, பிள்ளைகள் அறநெறிப் பாடசாலைக்குப் போய்ச் சமயம் படிக்க வேண்டும் என்று அரசாங்கக் கந்தோரிலிருந்து கட்டளை. அப்பா முற்றத்துக் கொட்டிலில் காசு வாங்காமல் சும்மா சொல்லிக்கொடுக்கிற கணக்கு வகுப்பும் ரியூசன்தானாம். அதற்கு வருகிற பிள்ளைகளில் ஆர்த்திகா என்று ஒருத்தி, தாய் கட்டாரில் வீட்டு வேலை, இவள் களுவாஞ்சிக்குடியில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். ஓஎல் சோதனையில் எல்லாப் பாடமும் பாஸ், கணக்கு மட்டும் இல்லை, அது இல்லாமல் தாதிப் படிப்பைக் கனவிலும் நினைக்க முடியாது. கடை பூட்டுகிற நாள் ஞாயிறு ஒன்றுதான். அவளுக்காகத்தான் அப்பா கந்தோரில் கூடின கூட்டத்துக்குப் போனார், அவரோடு படிப்பித்த காத்தான்குடி முனாப் சேரும் கூடப் போனார். நடந்ததை முனாப் சேர்தான் என்னிடம் சொன்னார்.

முன்வரிசையில் குருக்களுக்கு ஒரு கதிரை, பாதருக்கு ஒன்று, மௌலவிக்கு ஒன்று, பிக்குவுக்கு வெள்ளைத் துணி விரித்து ஒன்று போட்டிருந்ததாம். ஆளுக்காள் நல்லதாகத்தான் பேசினார்களாம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனும் போதையுமாகக் கெட்டுப்போகுதுகள் என்று, அது பொய்யும் இல்லை. கடைசியில் அப்பா எழும்பி, சமயம் வேண்டாமென்று இருக்கிறவர்களுக்கு அன்றைக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாராம். அதிகாரி மரியாதையான ஆள், நம்மட ஊரில அப்பிடி ஆருமில்லயே சேர் என்றாராம். நான் இரிக்கன்தானே என்றாராம் அப்பா. எல்லாரும் சிரித்தார்களாம் மகள், கேலிச் சிரிப்புக்கூட இல்லை, நல்ல பகிடி ஒன்றைக் கேட்டால் சிரிப்போமே அப்படி. திரும்பி வரும்போது பஸ்ஸில் முனாப் சேர், எங்கட ஆக்களுக்கு வெள்ளிக்கிழமையத் தந்திட்டாங்க, ஒங்களுக்கு எந்தக் கிழமையத் தாறது எண்டுதான் அவங்களுக்குத் தெரியல சேர் என்றாராம்.

பிறகு அந்த அதிகாரியே வீட்டுக்கு வந்து ஒரு வழி சொன்னார். கொட்டிலில் ஒரு சரஸ்வதி படத்தை மாட்டி, தேவாரம் ஒன்று பாடித் தொடங்கி, அதையே அறநெறிப் பாடசாலையாகப் பதிந்துவிட்டால், பிறகு கணக்கும் படிப்பிக்கலாம், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு எண்டால் மாட்டு, நீ பாடு, முடிஞ்ச பிறகு நான் வாறன் என்றார். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா, என் சாமியும் அவருடைய கணக்கும் ஒரே கொட்டிலில் என்று. மூன்று ஞாயிறு நன்றாகத்தான் போனது. நாலாவது ஞாயிறு மேலிடத்திலிருந்து பார்வையிட வந்துவிட்டார்கள். வந்தவர் அப்பாவை முன்னால் அழைத்து, மூத்த ஆசிரியர் நீங்களே விளக்கை ஏற்றுங்கள் என்று நெருப்புப் பெட்டியை நீட்டினார். அப்பா அதை வாங்கி ஆர்த்திகாவிடம் கொடுத்தார். ஏன் என்று கேட்டபோது, எனக்கு நம்பிக்கையில்ல, நான் ஏத்தினா அது உங்கட விளக்குக்கு மரியாதையில்ல என்றார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம், கையில் காயம் என்று சொல்லியிருக்கலாம். உன் அப்பாவுக்கு அது வராது.

அடுத்த கிழமையே, நம்பிக்கை இல்லாதவர் அறநெறி ஆசிரியராக இருக்க முடியாது, பாடத்திட்டத்தில் கணக்கும் இல்லை என்று சொல்லி, அவருடைய இடத்துக்குத் தக்ஷாயினி என்ற பிள்ளையைப் படிப்பிக்க அனுப்பிவிட்டார்கள். அவளும் அப்பாவிடம் கணக்குப் படித்தவள்தான், வந்த அன்று படலையில் நின்று அழுதாள், நானே உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். கொட்டிலைப் பிடுங்கிப் போடுவோம் என்று நான் சொன்னேன், அப்பா விடவில்லை, புள்ளைகள் வெயிலில எங்க போய் இரிக்கிற என்றார். பெற்றார்களுக்கும் அவர் மேல் கோபமில்லை, சேர் தங்கமான மனுசன், ஆனா அறநெறிச் சேட்டிபிக்கட்டும் வேணுமே மாமி என்கிறார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் முற்றத்தில் பாட்டுக் கேட்கிறது, அப்பா பின்பக்கம் கிணற்றடியில் போய் இருக்கிறார். ஆர்த்திகா கொஞ்ச நாள் வந்து பாடிப் பார்த்தாள், பிறகு கட்டுநாயக்காவுக்குக் கார்மெண்ட் வேலைக்குப் போய்விட்டாள். போகிற அன்று அப்பாவைக் கும்பிட வந்தாள், காலில் விழ விடாமல் தடுத்துவிட்டார், அதற்குப் பிறகுதான் போனிலும் பேசுவதில்லை.

வழக்குப் போடலாம் என்று நீ சொல்வாய், உன் நாட்டில் அது சரி. இங்கே நாட்டின் சட்டத்திலேயே ஒரு சமயத்துக்கு முதலிடம் என்று எழுதியிருக்கிறது, அடுத்த இடங்களுக்கு மிச்சச் சமயக்காரர் எங்களுக்குள் அடிபடுகிறோம், இடமே கேட்காத ஒரு மனிதனுக்காக யார் வந்து பேசுவார்கள். நான் சாமியை நம்புகிறவள் மகள், அந்தச் சாமியை நம்பச் சொல்லிக் கந்தோர் கட்டளை போட்டுத்தான் சாமி பெரியவராக வேண்டுமா? இது அநியாயம். யாரிடம் சொன்னாலும், உங்கட சாமிதானே அம்மா உங்களுக்கு என்ன நட்டம் என்கிறார்கள். இது மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை, உன்னைத் தேற்றுவதற்காகப் பொய் எழுதவும் மனம் வரவில்லை.

இன்றைக்கும் அப்பா எண்ணெய் வாங்கி வந்து வைத்தார். இனி வாங்க வேண்டாம் என்றேன். அது உனக்கும் எனக்கும் உள்ளது, அவங்கட இல்ல என்று சொல்லிவிட்டு வழமைபோல வெளியே போய் நின்றார். நான் விளக்கை ஏற்றிவிட்டு, அதற்கு முன்னால் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.

குளிருக்கு நன்றாக உடுத்து, சின்னவனுக்கு வேளைக்குச் சாப்பாடு கொடு. நான் கும்பிடுகிற அம்மன் உங்கள் மூவரையும் காக்கட்டும், அப்பாவின் அன்பையும் சேர்த்தே எழுதுகிறேன், அவர் எழுதச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலை எட்டு மணிக்குப் போன் எடு, உங்களுக்கு அது நடுச்சாமம் என்று தெரியும், இருந்தாலும் எடு. அந்த நேரம்தான் முற்றத்தில் பாட்டுத் தொடங்கும். சின்னவனுக்கு ஒரு கணக்கு விளங்கவில்லை என்று அப்பாவிடம் கேள்.

உன் அம்மா,
யோ. இலட்சுமிப்பிள்ளை