அம்மா திரும்பி வரும் காட்சி

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் சளி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிவிட்டு உன் இஷ்டப்படி செய்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

என் நாவலை எட்டுப் பகுதி டிவி தொடராக நீ சுருக்கி அனுப்பியதைப் படித்தேன். தொள்ளாயிரம் பக்கத்தை அப்படியே எடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மாடிவீட்டு டீச்சரைக் காணோமே. அம்மா வீட்டை விட்டுப் போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டது யார்? அப்பா வேலைக்குப் போனதும் நீ யார் மடியில் தூங்கினாய்? அவளை எழுத எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. நீ ஒரே கோட்டில் அடித்துவிட்டாய்.

அவளைத் திரும்பக் கொண்டுவா.

உன் அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது, இருமல் குடிவந்திருக்கிறது.

எட்டுப் பகுதி இப்போது ஆறாகிவிட்டது. தயாரிப்பாளரின் அறையில் ஒரு வெள்ளைப் பலகை. உன் நாவலின் ஆட்களெல்லாம் அதில் மஞ்சள் சீட்டுகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தர் டீச்சர் சீட்டைத் தட்டி, "இவங்க கதைக்கு என்ன பண்றாங்க?" என்று கேட்டார். "தலை வாரி விடுறாங்க" என்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சீட்டு குப்பைக்கூடைக்குப் போயிற்று.

உன் நாவலில் ஒரு வீடே மழைக்காலம் முழுக்கச் சும்மா காத்திருக்கலாம். இங்கே அதை யார் நடிப்பது? டீச்சர் செய்வதையெல்லாம் அக்கா பாத்திரமே செய்யட்டும் என்று மாற்றியிருக்கிறேன். பதினொரு வயசுப் பெண் தம்பியைத் தூங்கவைத்தால் பார்க்கிறவன் கண் கலங்குவான்.

கோபப்படாமல் பதில் எழுது.

தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

கோபப்படாமல் எழுதப் பார்த்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நான் உன்னைத் தூங்கவைத்ததே இல்லை. தெருவில் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தேன். டீச்சர் இருந்ததால்தான் விளையாட முடிந்தது. என்னைத் தியாகி ஆக்காதே. எனக்கு அந்த வேஷம் பொருந்தாது.

அது கிடக்கட்டும். நீ புதிதாக அனுப்பியதில் ஆறாம் பகுதியின் கடைசியில் அம்மா திரும்பி வருகிறாளே, என்ன அது? நாவலில் அவள் வரவில்லை. நம் வீட்டுக்கும் இன்றுவரை வரவில்லை. யாருடைய யோசனை?

அக்கா

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

சேனல்காரர்கள் கேட்டார்கள். "ஆறு மணி நேரம் உக்காந்து பாத்தவனை வெறுங்கையோட அனுப்ப முடியாது" என்கிறார்கள். நானும் வாய் வலிக்கப் பேசிப் பார்த்தேன். செவிடன் காதில் சங்கு. விஷயம் மேலே மேலே போய்க்கொண்டே இருக்கிறது, யார் முடிவெடுக்கிறார்கள் என்பதே தெரியவில்லை.

இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்துவிடு அக்கா.

தம்பி

மார்ச் 9

தம்பி,

ஒரு கையெழுத்து விஷயமாகத் தயாரிப்பாளர் கூப்பிட்டிருந்தார். பேச்சுவாக்கில் அந்தக் காட்சியைப் பற்றிக் கேட்டேன். "அதை நாங்களும் கேக்கல, சேனலும் கேக்கலையே மேடம். நாவல்ல இருக்கிற மாதிரி வெறும் வாசலோட முடிக்கலாம்னுதான் சொன்னோம். உங்க தம்பிதான் பிடிவாதமா நிக்கிறாரு" என்றார்.

ஏன்டா பொய் சொன்னாய்?

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஆமாம், பொய்தான். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உனக்கு அம்மாவைப் பதினொரு வருஷம் தெரியும். அவள் போனபோது எனக்கு மூணு வயசு. ஒன்றுமே ஞாபகம் இல்லை. எனக்கு அம்மா என்றால் உன் நாவலின் முதல் இருநூறு பக்கம்தான். அதற்குப் பிறகு வருவாள், வருவாள் என்று கடைசிப் பக்கம்வரை படித்தேன். வரவில்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் தேடினேன். புத்தகத்தை மூடியபோது அவள் மேல் கோபம் வரவில்லை. உன் மேல்தான் வந்தது. பேனா உன் கையில்தானே இருந்தது?

அந்த அறையில் அவர்கள் கேட்டதையெல்லாம் கொடுத்தேன். டீச்சரைக் கொடுத்தேன், மழைக்காலத்தைக் கொடுத்தேன். எல்லாம் இந்த ஒரு காட்சிக்காக. இதை வெட்ட மாட்டேன். நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

தம்பி

மார்ச் 28

தம்பி,

வரவழைக்கத் தெரியாமல் விட்டேன் என்று நினைத்தாயா? எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ ஒருத்தி வந்து நின்றாள்.

உன்னை நிறுத்த ஒப்பந்தத்தில் எனக்கு வழி இருக்கிறது. நிறுத்தவில்லை. ஆனால் இது என் நாவல் இல்லை. என் பெயரையும் நாவலின் பெயரையும் எடுத்துவிடச் சொல்லித் தயாரிப்பாளருக்கு எழுதிவிட்டேன். உன் கதை உன் பெயரிலேயே வரட்டும். நான் பார்க்கப் போவதில்லை. கொஞ்ச நாளைக்கு வீட்டுக்கும் வராதே. வந்தால் சண்டைதான் போடுவேன்.

ஒன்றே ஒன்று. நீ எழுதியதில் அவள் கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்கிறாள். அம்மா கதவைத் தட்டி நான் பார்த்ததே இல்லை. அவள் தையல்காரி. தைக்க வாங்கிய துணி இரண்டு கையிலும் வழியும். முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு பின்னோக்கி நடந்துதான் உள்ளே வருவாள். துணியை இறக்கி வைத்த பிறகுதான் நம் பக்கம் திரும்புவாள்.

நடிக்கிறவளிடம் சொல்.

அக்கா