மாட்டாத குண்டு

மார்ச் 3
இன்றும் மூன்று குண்டுகளைக் கடலுக்குத் தானம் செய்துவிட்டு ஐந்து மணிக்கெல்லாம் இவர் வந்துவிட்டார். தூண்டில் அடியில் நிற்கக் கட்டும் ஈயக்குண்டு பாறை இடுக்கில் மாட்டினால் நரம்புக் கயிற்றை அறுக்க வேண்டியதுதான். "மூணு போனா வீட்டுக்குக் கெளம்பிடணும்." கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு. அதற்கப்புறம் ராத்திரி வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். யாருக்கு வேண்டும் அந்த மூஞ்சி?

மார்ச் 6
திரைச்சீலை பறக்காமலிருக்க அடியில் வைத்துத் தைக்கும் ஈயமணிகள் என் தையல் கடையில் மீந்து கிடந்தன. நைலான் நாடாவைக் குழாய்போல் தைத்து, மணிகளைத் திணித்து, இரு முனைகளையும் மெழுகுவத்தியில் காட்டி ஒட்டினேன். விரல் நீளம். மண்புழு மாதிரி நெளிகிறது, எந்த இடுக்கிலும் மாட்டாது. ஐந்து செய்தேன். "உன் மூளையே மூளைடி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 8
ஒன்றுகூடப் போகவில்லை! பை நிறைய மீனோடு ஏழு மணிக்கு வந்தார். கூடப் போகிற லாரிக்காரர் வாசலிலேயே நின்று, "தங்கச்சி, இவன நேரத்தோட கெளம்பச் சொல்லு. வர்ற வழியில முழங்கால் தண்ணி" என்றார். இவர் சிரித்தார். நானும்தான்.

மார்ச் 11
இடுப்பு வரை நனைந்து வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்றேன்.
"குண்டு போனாத்தானே வர்றதுக்கு!"
அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாயங்காலக் காற்று எழும்பினால் ஆறு மணிக்குள் கடல் ஏறிப் பாறைக்குப் போகும் வழியை மூடிவிடும். இத்தனை வருஷமும் அதற்கு முன்னால் அவரைக் கிளப்பி விட்டது அந்த மூன்று குண்டுகள்தான். மனுஷன் ஒருநாளும் கடிகாரம் பார்த்ததில்லை. நீச்சலும் தெரியாது.

மார்ச் 12
எடுத்து ஒளித்து வைக்கலாமா? சின்னப் பிள்ளை மாதிரி அத்தனை சந்தோஷமாக இருக்கிறாரே.

மார்ச் 15
ஆறே முக்கால். இன்னும் காணோம். காற்று வேறு.

ஏழரைக்கு லாரிக்காரர் மட்டும் வந்தார். நெஞ்சு வரை ஈரம். "கூப்பிட்டேன் தங்கச்சி. இன்னும் ஒரே ஒரு வீச்சுன்னான்."
ஐயோ, நாந்தானே தச்சுக் குடுத்தேன். என் கையாலயே - அன்னிக்கே ஒளிச்சு வச்சிருந்தா சண்டைதானே போட்டிருப்பார்? போடட்டுமே. வீட்ல உக்காந்து போடட்டுமே.

மார்ச் 17
கரை ஒதுங்கிக் கிடைத்துவிட்டார்.

ஏப்ரல் 20
கடை திறந்து நாலு நாள். யாரோ ஒருவன், முன்பின் பார்த்ததில்லை. புதுத் தூண்டிலோடு வந்து நின்றான். "அக்கா, மாட்டாத குண்டு நீங்கதான் தைப்பீங்களாமே? ஒரு டஜன் வேணும்."
"வீட்ல யாரு இருக்காங்க?"
"சம்சாரம்."
"அவங்கள வரச் சொல்லுங்க. நான் அவங்ககிட்ட பேசணும்" என்றேன்.