ஆலைக்குப் போகும் வழியில் கேட்ட ரேடியோ

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிக்கொண்டிருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். ரேடியோவில் செய்தி வாசிக்கும் வேலைக்கு உன்னை எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்ன அன்றைக்கே, "அம்மா, நீதான் தினமும் கார்ல ரேடியோ கேட்டுக்கிட்டே போறியே, உங்க ஊர் ஸ்டேஷன் எல்லாம் எப்படி இருக்குன்னு ஒவ்வொண்ணா எழுதி அனுப்பு, எனக்குப் பயிற்சியில உதவும்" என்று கேட்டாய். நானும் சரி என்றேன். அப்புறம் நீ போனில் கேட்கும்போதெல்லாம் கண் வலி, கை வலி என்று ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். கண்ணும் கையும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆலையில் பாய்லர் வெடித்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உன்னிடம் சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன் இல்லையா, நீ கேட்ட விஷயமும் அதுவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, ஒன்றை எழுதினால் மற்றதையும் எழுதியாக வேண்டும். அடுத்த மாதம் நீ மைக் முன்னால் உட்காரப்போகிறாய் என்று அப்பா சொன்னார். இனிமேல் தள்ளிப்போட முடியாது.

காகித ஆலைப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகும் வழியில் மூன்று பேரை நான் காரில் ஏற்றிக்கொள்வது உனக்குத் தெரியும், ஆனால் நீ போனபின் ஆட்கள் மாறிவிட்டார்கள். முன் சீட்டில் எடைமேடைக்காரர், லாரிகளை எடை போடுகிறவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் திருகாணி, ஏனென்றால் கதவைச் சாத்துவதற்கு முன்னாலேயே அவர் கை ரேடியோ குமிழைத் திருக ஆரம்பித்துவிடும், எந்த ஸ்டேஷனிலும் ஒரு பாட்டை முழுசாகக் கேட்க விடமாட்டார். பின்னால் எலெக்ட்ரீஷியன் அண்ணன், ஏறியதும் தூங்கிவிடுவார், வானிலை சொல்லும்போது மட்டும் எப்படியோ கண் முழிப்பார். அவருக்குப் பக்கத்தில் ஆலை கேன்டீனில் சமைக்கிற தங்கச்சி, வாய் ஓயாத பெண். அவள் வீட்டுக்காரர் அதே ஆலையில் பாய்லரில் ராத்திரி ஷிப்ட். பள்ளிக்கூடம் போகிற மகள் இருப்பதால் எப்போதும் ஒருத்தர் வீட்டில் இருக்க வேண்டும் என்று இப்படி மாற்றி மாற்றி ஷிப்ட் வாங்கியிருந்தார்கள், நடுவில் விழுகிற கொஞ்ச நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள். அவர் வெளியே வருவார், இவள் உள்ளே போவாள், வாசலில் நின்று அவருடைய காலைச் சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுப்பாள். "எங்க குடித்தனமே கேட்டுக்கு வெளிய அஞ்சு நிமிஷம்தாங்க்கா" என்று சொல்லிச் சிரிப்பாள்.

இனி ஸ்டேஷன்கள். முதலாவது பாட்டு ஸ்டேஷன். அதில் காலையில் பேசுகிறவளுக்குச் சிரிப்புக்காரி என்று பெயர் வைத்திருந்தோம். தான் சொல்கிற கடிக்குத் தானே முதலில் சிரிப்பாள், விளம்பரம் எங்கே முடிகிறது பேச்சு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது, மெத்தை விற்கும்போதும் அதே சிரிப்பு. ஆனால் நல்ல குரல், அதையும் சொல்ல வேண்டும், தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவளை உலுக்கி எழுப்பிவிடும். இரண்டாவது அரசாங்க ஸ்டேஷன். அங்கே ஒரு பெரியவர் செய்தி வாசிப்பார், ஒவ்வொரு வார்த்தையையும் கழுவித் துடைத்து எடுத்து வைப்பார், மந்திரி நாடா வெட்டினாலும் வெள்ளம் வந்தாலும் ஒரே குரல். திருகாணிக்கு அவரைக் கேட்டாலே கொட்டாவி வரும், "இந்தாளு தன் பொண்ணு கல்யாணத்தைக்கூட இப்படித்தான் சொல்லுவாரு" என்பார். மூன்றாவதுதான் எங்கள் காருக்கே செல்லம், போக்குவரத்து ஸ்டேஷன். எந்தப் பாலத்தில் நெரிசல், எந்த ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பையன் சொல்லிக்கொண்டே இருப்பான். "அண்ணே, மார்க்கெட் பக்கம் போயிடாதீங்க, அப்புறம் என்னைத் திட்டக்கூடாது" என்று நம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவனாட்டம் பேசுவான். அவன் பேச்சைக் கேட்டுச் சுற்று வழியில் போய் எத்தனையோ நாள் நேரத்துக்குச் சேர்ந்திருக்கிறோம். தங்கச்சி அவனை என் தம்பி என்றுதான் சொல்வாள், அவனுக்குச் சளி பிடித்தால் இவள் கஷாயம் சொல்வாள், அவனுக்குக் கேட்கவா போகிறது. அவனை நாங்கள் நம்பினோம், கண்ணு.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. ஆலை ரோட்டைப் போலீஸ் அடைத்துவிட்டார்கள், அந்தப் பக்கம் புகையாக இருக்கிறது, என்னவென்று விசாரித்துச் சொல்கிறேன் என்று பையன் சொன்னான். பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ஆலைப் புகைபோக்கி தெரியும். எப்போதும் வெள்ளையாக வருகிற புகை அன்றைக்குக் கருப்பாக, புகைபோக்கியிலிருந்து இல்லாமல் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது. எலெக்ட்ரீஷியன் அண்ணன் முழித்துப் பார்த்து என்னமோ சொல்ல வாயெடுத்தார், பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து அப்படியே விழுங்கிவிட்டார். தங்கச்சி வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். மணி போனது, எடுக்கவில்லை. "பாய்லர் சத்தத்துல கேக்காதுங்க்கா, எப்பவுமே கேக்காது" என்று எங்களுக்குத் தைரியம் சொன்னாள், சொல்லிவிட்டு மறுபடியும் போட்டாள். திருகாணி குமிழைத் திருகினார். சிரிப்புக்காரி யாருக்கோ சினிமா டிக்கெட் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரியவர் ஸ்டேஷனில் புல்லாங்குழல். மறுபடி பையன், மறுபடி சிரிப்புக்காரி, மறுபடி புல்லாங்குழல், அவர் திருகிக்கொண்டே இருந்தார். ஒருத்தரும் அவரைத் திட்டவில்லை.

கடைசியில் பையன் குரல் வந்தது, சந்தோஷமாக வந்தது. "ஆலையில பேசிட்டோம். சின்னக் கோளாறுதான், யாருக்கும் ஒண்ணும் ஆகல, எல்லாரும் பத்திரமா வெளிய வந்துட்டாங்க, பயப்படாதீங்க" என்றான். தங்கச்சி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், "என் தம்பி நல்லா இருக்கணும்" என்றாள். திருகாணி ரேடியோவைத் தட்டிக்கொடுத்தார். வண்டிகள் இன்னும் நகரவில்லை. அவள் மடியில் இருந்த டப்பாவைத் திறந்தாள், இன்னும் சூடாக இருந்தது. "எல்லாரும் வெளிய நின்னு டீ குடிச்சிக்கிட்டு இருப்பாங்க, நாம போய்ச் சேர்றதுக்குள்ள இது ஆறிப்போயிடும், எடுத்துக்கோங்க, அவருக்கு நான் கேன்டீன்ல சுடச்சுடப் போட்டுத் தர்றேன்" என்று எங்கள் மூன்று பேர் கையிலும் வைத்தாள், தானும் சாப்பிட்டாள். விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பசி, பயம் விட்ட பசி வேறு. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம். உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று திருகாணி கிண்டல்கூடப் பண்ணினார், "அவருக்கு அப்படித்தான் பிடிக்கும்" என்றாள்.

பாலத்தை விட்டு இறங்கும்போது பெரியவருடைய செய்தி நேரம். எலெக்ட்ரீஷியன் அண்ணன் வானிலைக்காக அதை வைக்கச் சொன்னார். காகித ஆலையில் பாய்லர் வெடித்ததில் இரவுப் பணியில் இருந்த ஐந்து தொழிலாளர்கள் இறந்துவிட்டதாக எங்கள் செய்தியாளர் மருத்துவமனையிலிருந்து தெரிவிக்கிறார் என்று அதே குரலில் வாசித்தார். பெயர் சொல்லவில்லை. தங்கச்சி மட்டும், "இல்லீங்க்கா, தம்பிதான் சொன்னானே" என்றாள். அதையே வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். வாசலில் தினமும் அவளிடம் வம்பு பேசுகிற வாட்ச்மேன் அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் அவள் வீட்டுக்காரரை அவளுக்குக் காட்டும்போது நான் கூட இருந்தேன். அதை உனக்கு எழுத மாட்டேன்.

மறுநாள் போக்குவரத்து ஸ்டேஷனில் வழக்கம்போலப் பாலம், மார்க்கெட், தோண்டின ரோடு. முந்தின நாள் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எலெக்ட்ரீஷியன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு நேரே அங்கே போனேன். அது ஒரு செருப்புக் கடைக்கு மேலே மாடி, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. அந்தக் குரலுக்கு நான் என்ன முகம் நினைத்திருந்தேனோ தெரியவில்லை, ஒல்லியாக, கழுத்தெலும்பு தெரிய, உன் வயசுதான் இருக்கும். நான் யாரென்று சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டான். "ஆலை ஆபீஸ்ல கேட்டேன்மா, மேனேஜரே சொன்னாரு, நான் வேற யாரை கேக்கறது" என்றான். அந்த மேனேஜர் அன்றைக்கு ஆபீஸ் கதவைத் திறந்து வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அண்ணன் சொன்னார். நான் டப்பா விஷயத்தைச் சொன்னேன். அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொன்னது தப்பு என்று அதே மைக்கில் சொல் என்றேன். "விடமாட்டாங்கம்மா, ஆலை விளம்பரம் எங்ககிட்ட ஓடுது" என்றான்.

தங்கச்சி வேலைக்குத் திரும்பி வந்தாள், வராமல் என்ன செய்வாள், மகள் இருக்கிறாளே. இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறாள். நாங்கள் ரேடியோவைத் தொடவில்லை, திருகாணி கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தார். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அவளே, "ஏதாவது போடுங்கக்கா, யாரும் பேசாம போனா மூச்சு முட்டுது" என்றாள். போட்டோம். அந்தப் பையன்தான். இரண்டு ரோட்டுத் தகவலுக்கு நடுவில் பேச்சை நிறுத்தி, குரல் கொஞ்சம் பிசிற, "ஆலையில பாய்லர் வெடிச்ச அன்னிக்கு எல்லாரும் பத்திரம்னு நான் சொன்னேன். அது தப்பு. அஞ்சு பேர் செத்துப்போயிட்டாங்க. நேர்ல பாத்தவங்க ஒருத்தர்கிட்டகூட நான் கேக்கல. என்னை நம்புனவங்க என்னை மன்னிக்கணும்" என்றான். அப்புறம் மார்க்கெட் ரோடு காலியாக இருக்கிறது என்று சொன்னான்.

நான் கண்ணாடியில் தங்கச்சியைப் பார்த்தேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் இதையெல்லாம் செய்தேன், அதனால் வாய்விட்டே சொன்னேன், நாங்கள்தான் போய்க் கேட்டோம் என்று. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நீங்க செஞ்சது சரிதாங்க்கா, ஊருக்குத் தெரியணும்" என்றாள். ரொம்ப தூரம் போன பிறகு, "ஆனா அன்னிக்கு அந்தப் பாலத்துல அவர் எனக்கு உயிரோடதான் இருந்தாரு. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் யாருக்கும் சொல்லாம வச்சிருந்தேன். அதையும் இப்ப தப்புன்னு சொல்லிட்டான்" என்றாள். அப்புறம், "பாப்பா தினமும் கேக்கறா, அப்பாவுக்கு வலிச்சிருக்குமான்னு. அதை யாருக்கா சொல்லுவாங்க, எந்த ஸ்டேஷன்ல சொல்லுவாங்க" என்றாள். மறுநாள் காலையில் அந்த ஸ்டேஷனில் வேறொரு பெண் பேசினாள். பையன் எங்கே போனான் என்று யாரும் சொல்லவில்லை. செருப்புக் கடைக்காரரிடம் விசாரித்தேன், பையைத் தூக்கிக்கொண்டு போனான், அவ்வளவுதான் தெரியும் என்றார்.

எந்த ஸ்டேஷன் நல்ல ஸ்டேஷன் என்று கேட்டிருந்தாய். இதுதான் என்னால் எழுத முடிந்தது. தப்பாகச் சொன்னால் என்ன ஆகும், அதைத் திருத்திச் சொன்னால் என்ன ஆகும், இரண்டையும் பார்த்துவிட்டேன். யாராவது போனில் எல்லாரும் பத்திரம் என்றால், நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே வாசி. அதனால் வேலை போனால் வீட்டுக்கு வா, உன் அறையில் அப்பா சாமான் எதையும் போடவில்லை, துடைத்துத்தான் வைத்திருக்கிறார். தொண்டையைப் பார்த்துக்கொள், குளிர்ந்த தண்ணீர் குடித்துவிட்டு மைக் முன்னால் உட்காராதே. நீ தங்கியிருக்கிற அறைக் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபண்ணச் சொல்லி வீட்டு ஓனரிடம் மறுபடியும் சொல். நீ என்றைக்கு முதலில் வாசிக்கிறாய் என்று அப்பா நாள் கேட்கிறார், மறக்காமல் சொல்லு, போனிலேயே கேட்கலாமாம், பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டார். நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்க வேண்டும், உன் வாயில் வருவதெல்லாம் உண்மையாக வர வேண்டும். நீ செய்தி வாசிக்கப்போகிறாய் என்று தங்கச்சியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் அவள் ஏறி உட்காரும்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன், ஆலை வந்துவிடுகிறது.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா