ஸ்டெனியின் டிக்கெட் பணம்

ஜெயா,

எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. குவைத்திலிருந்து விடுமுறைக்கு வருவதற்காக வைத்திருந்த டிக்கெட் பணத்தை வீட்டுக்கடனில் கூடுதலாகக் கட்டச் சொன்னது ஸ்டெனியா, இல்லை நானே அவனிடம் கேட்டேனா? நீ சொன்னது மட்டும் மறக்கவில்லை: "பயல மொதல்ல வரச் சொல்லுங்க. வீடு எங்கயும் ஓடிப் போவாது." நான் கேட்கவில்லை; ஆறு வருடமும் அந்தப் பணத்தைக் கடனிலேயே கட்டினேன்.

கெடுவுக்கு ஒன்பது வருடம் முன்னதாகவே கடன் முடிந்துவிட்டது. வீட்டுப் பத்திரத்தைத் திருப்பித் தர நம் இருவரின் கையெழுத்தும் வேண்டுமாம். நான் தக்கலைக்கு, வங்கிக்குப் போகிறேன். பதினொரு மணிக்குள் ஆதார் கார்டோடு வந்துவிடு. என்னோடு பேச வேண்டாம், கையெழுத்துப் போட்டால் போதும்.

கப்பைக்கிழங்கு அவித்து வைத்திருக்கிறேன். மீன்கறியைச் சூடாக்கிக்கொள். கிளம்பும்போது வீட்டைப் பூட்டிச் சாவியை மீட்டர் பெட்டிக்குள் வை.

பி.கு. எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். நான்தான் கேட்டேன், ஜெயா. அவன் "சரிப்பா" என்று மட்டும்தான் சொன்னான்.

இப்போது அவன் லீவு கேட்பதையே விட்டுவிட்டான். பிரீனா கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். கடனில்லாத இந்த வீட்டில் நீ ஓர் அறையில் இருக்கிறாய், நான் ஓர் அறையில் இருக்கிறேன்.