கோச்சி மறையும்வரை

பொகவந்தலாவை,
ஜூன் 1976

என்மேல் கோபம் தீராத மச்சானுக்கு,

நம் இசைக்குழு இன்னும் உடையவில்லை. நீ விட்டுப்போன தப்பு மேளத்தைச் செல்லசாமி அடிக்கிறான். டோரீனின் வயலின், பியதாசவின் கண்டி மேளம், என் கிட்டார் என்று பதினெட்டுப் பேர். ரேடியோவில் கேட்ட கியூபா தாளத்தைக் காமன்கூத்துப் பாட்டோடு கலந்திருக்கிறோம். குளிரில் தப்பின் தோல் தளர்ந்துபோகிறது. தேயிலைக் கவ்வாத்து விறகை எரித்துக் காய்ச்சுகிறோம்.

ஒப்பந்தப்படி இந்தியா போகிறவர்களை ஹட்டன் ஸ்டேஷனில் வாசித்து அனுப்பும் வழக்கமும் மாறவில்லை. கோச்சி தண்டவாள வளைவில் மறைந்ததும் பாட்டைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். "என்னய வாசிச்சு வெரட்டாதீங்கடா" என்று கத்திக்கொண்டுதானே நீ ஏறினாய்?

அடுத்த மாதமும் வாசிக்க வேண்டும். மாமனார் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதில்தான் என் மனைவி பெயரும் மகள் பெயரும் இருக்கின்றன. எனக்கு இலங்கைப் பிரஜாவுரிமையாம். ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை, விழாத கால் இல்லை.

"அப்பா, நீங்க எந்தப் பெட்டியில ஏறுவீங்க?" என்று மகள் கேட்கிறாள். "கிட்டாரோட கடைசிப் பெட்டியில வருவேன்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நீ மண்டபம் முகாமில்தானே இருக்கிறாய். அவர்கள் வந்து சேரும் அன்று ஒரு தப்பை எடுத்துக்கொண்டு போ மச்சான், கையெடுத்துக் கும்பிடுகிறேன். கோச்சி மறையும்போது பாட்டு எந்த இடத்தில் நிற்கும் என்று உனக்குத் தெரியும். அங்கிருந்து தொடங்கு. சத்தம் கேட்டால் நான் பின்னால் வந்துவிட்டதாக மகள் நம்புவாள்.

அவள் தூங்கும்வரை நிறுத்தாதே.

வாசிக்க மட்டுமே தெரிந்தவன்