அந்தோனியாருக்குக் காவல் நின்றவர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? நெடுந்தீவில் காற்று அடங்கிவிட்டதா?

இங்கே லா சப்பல் தமிழ்க் கடைத்தெருப் பக்கம் ஒரு கூத்து நடந்தது. சிரிக்கத்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாடகை மண்டபமொன்றில் கச்சதீவு அந்தோனியாருக்குத் திருநாள் எடுத்தோம். அவர் சுருவத்தைச் சப்பரக் கூட்டில் வைத்துத் தோளில் தூக்கிச் சுற்றிவரும் நேரத்தில், கூட்டின் முன்தண்டை யார் பிடிப்பது என்று சண்டை.

"கச்சதீவு எங்கடை. முன்னுக்கு நாங்கள்தான்," என்றார் எங்கள் தீவுச் சங்கத் தலைவர் மடுத்தீன்.

"கச்சத்தீவு எங்களோடது. தள்ளி நில்லுங்க," என்றார்கள் இராமேஸ்வரத்துக்காரர்கள்.

இரண்டு பக்கமும் தண்டுக்கு ஆள் நிறுத்திக் காவல் காத்தன. சாப்பிடக்கூட ஒருவரும் அசையவில்லை. கடற்படையின் காவலரணை ஊரிலேயே விட்டுவந்தேன் என்று நினைத்திருந்தேன். அது கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு இங்கேயும் நிற்கிறது.

இந்த வீரர்களிடம், இராமேஸ்வரப் பக்கத்து இழுவைப்படகு உங்கள் வலையை அறுத்துக்கொண்டு போனதைச் சொன்னேன். இராமேஸ்வரத்துக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். மடுத்தீன், "பிள்ளை, இப்ப உது கதைக்கிற நேரமே?" என்றார்.

வாடகை நேரம் முடிந்ததும் மண்டபக் காவலாளி வந்தார். அந்தோனியாரைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கதிரைகள் அடுக்கும் அறையில் வைத்துப் பூட்டினார். வீரர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் பாரைக் கருவாடு கொடுத்துவிடுங்கோ. தனியாகச் சமைப்பவளுக்கு நாலு துண்டு போதும்.

வேலைக்கு நேரமாகிறது. கடலுக்குப் போனால், கரை தொட்டதும் வாட்ஸப்பில் ஒரு சொல் சொல்லிப்போடுங்கோ. அந்தோனியார் பார்த்துக்கொள்வார் என்று அம்மா சொல்வா. அவர் இன்னும் அந்தப் பூட்டிய அறைக்குள்தான் இருக்கிறார்.

உங்கள் மகள்,
றொஷானி